நைரோபியிலிருந்து கிட்டுயி வரை: பெற்றோரை இழந்த பிள்ளைகள் வளரும் வீடுகள்

முதல் நாள்: கரேன்

கென்யாவின் தலைநகரான நைரோபியின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது கரேன். உயரமான வேலி, பெரிய தோட்டம், வாசலில் காவலாளி என்று காசு புழங்கும் பகுதி. எச்.ஐ.வி. உள்ள அனாதைக் குழந்தைகளுக்கான நியும்பானி இல்லம் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ஆஞ்சலோ டி அகொஸ்டினோவும், லொரேட்டோ சபைச் சகோதரி மேரி ஓவன்ஸும் 1992-ல் தொடங்கினார்கள். டி அகொஸ்டினோ அறுவை சிகிச்சையும் மனநல மருத்துவமும் படித்தவர். எச்.ஐ.வி. என்ற சந்தேகம் வந்ததுமே குழந்தைகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போன காலம் அது. மற்ற இல்லங்கள் அந்தக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வலியில்லாமல், யாராவது மடியில் வைத்திருக்க, நல்லபடியாகச் சாகட்டும் என்பதே அன்றைய இலக்கு.

அந்தக் கைக்குழந்தைகளில் பலருக்கு நோயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சாதாரண ரத்தப் பரிசோதனை கண்டுபிடிப்பது வைரஸை அல்ல, எதிர்ப்புப் பொருளைத்தான். தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் உடம்பில் 18 மாதம் வரைகூடத் தங்கும். சிகிச்சை எதுவுமே இல்லாவிட்டாலும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்தான். அப்படியென்றால் 'பாசிட்டிவ்' என்று ஒதுக்கப்பட்ட சிசுக்களில் பாதிக்கு மேல் வெறும் தாயின் சுவட்டைச் சுமந்தவர்கள். இன்று ஆறு வாரத்தில் குதிகாலில் குத்தி, சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் உலர்த்தி, வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு சோதனையோடு முடிவதில்லை. தாய்ப்பால் குடிக்கும் வரை தொற்றும் அபாயம் உண்டு என்பதால் பால் நிறுத்திய பிறகும் பார்க்க வேண்டும். பலர் வராமல் போவது இந்தக் கடைசிச் சோதனைக்குத்தான்.

இல்லத்தின் நோக்கத்தையே மாற்றியது மருந்தின் விலை. ஓராளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்துக் கூட்டை, 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. கென்யாவின் காப்புரிமைச் சட்டம் குறுக்கே நின்றது. இந்திய மருந்தை இறக்கியே தீருவேன் என்று டி அகொஸ்டினோ வெளிப்படையாகப் பேசினார். அந்த ஆண்டின் நடுவிலேயே நாடாளுமன்றம் புதிய தொழிற்சொத்துச் சட்டத்தை நிறைவேற்றி இறக்குமதிக்கு வழி விட்டது. சாவதற்கென்று வந்த பிள்ளைகள் வளரத் தொடங்கினார்கள். வளர்கிற பிள்ளைக்குக் கட்டில் மட்டும் போதாது. பள்ளி, பிறப்புச் சான்று, சொந்தக்காரர், காணி எல்லாம் வேண்டும். வரும் நாட்களில் எழுதப்போவது பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான்.

மருந்து விஷயத்தில் ஒன்று. முன்பு குழந்தைகளுக்குக் கொடுத்த லோபினாவிர் சிரப் கடும் கசப்பு. அதில் 42 சதவீதம் ஆல்கஹால் இருந்தது. மருந்துக் கிடங்கில் அதைக் குளிர்பெட்டியில் வைத்தாக வேண்டும். மின்சாரம் இல்லாத குடிசையில் இதற்கு என்ன செய்வது? இப்போது தண்ணீரில் கரையும் மாத்திரைகள் வந்துவிட்டன. 10 முதல் 13.9 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அபாகாவிர்-லாமிவுடின் 120/60 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, டோலுடெக்ராவிர் 10 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. கொஞ்சம் சுத்தமான நீரில் கரைத்து அரை மணி நேரத்துக்குள் குடிக்க வைக்க வேண்டும். நாளுக்கு ஒரே வேளை. அடியில் படிந்ததையும் அலசிக் கொடுக்காவிட்டால் அளவு குறைந்துபோகும். இதை விடப் பெரிய தவறு, பிள்ளை 14 கிலோவைத் தாண்டிய பிறகும் பழைய அளவே தொடர்வது. அதனால்தான் நல்ல கிளினிக்கில் எடை பார்க்கும் இயந்திரம் மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும், மூலையில் அல்ல.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். இரண்டு மணி நேரம் முன்னதாக மருந்தைக் கொடுக்கலாம். அல்லது இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். பள்ளியில் இரும்பு மாத்திரை தரும் நாளில் இதை யோசிப்பவர்கள் குறைவு.

இரண்டாம் நாள்: காங்கெமி

நைரோபியின் மேற்கே, நாகுரு சாலையை ஒட்டித் தகரக்கூரைகள் நெருங்கி நிற்கும் குடியிருப்பு. நியும்பானி 1998-ல் லெயா டோட்டோ என்ற வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தை இங்கேதான் தொடங்கியது. பிள்ளையை இல்லத்துக்குக் கொண்டுவராமல், பிள்ளை இருக்கும் வீட்டுக்கே மருந்தும் உணவும் செவிலியும் போவதுதான் ஏற்பாடு. பின்னர் கிபெரா, கவாங்வாரே, டண்டோரா, முகுரு என்று மற்றக் குடியிருப்புகளுக்கும் பரவியது. கரேனில் உள்ள கட்டடத்தை விட இந்தத் திட்டம்தான் பெரிய காரியம் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் படம் எடுத்து அனுப்ப இதில் ஒன்றும் இருக்காது. நன்கொடையாளருக்குக் கல்வெட்டு வைக்கச் சுவரும் இருக்காது.

இந்த வேலைக்குத் திருச்சபையிடம் இருக்கும் உண்மையான மூலதனம் பணம் அல்ல, ஜுமுயா எனப்படும் அக்கம்பக்கத்து ஜெபக்குழு. 1970-களில் கிழக்கு ஆப்பிரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் பங்குகளை, அதாவது கோயில் வட்டாரங்களை, அன்பியங்கள் என்ற சிறு குழுக்களாகப் பிரிக்க முடிவு செய்தார்கள். பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி, வேதம் வாசித்து, ஜெபம் சொல்லி, பிறகு ஊர்க்கதை பேசுவார்கள். அந்த ஊர்க்கதையில்தான் எந்த வீட்டில் தாய் படுத்துவிட்டாள், எந்த வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் தம்பிகளைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போவதில்லை என்பதெல்லாம் வெளிவரும். அரசுக் கணக்கெடுப்பில் வருவதற்கு ஓராண்டு முன்பே ஜுமுயாவுக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டீரியன் சபைகளில் தாய்மார் சங்கங்களும் இதே வேலையைச் செய்கின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரிதான் தொண்டர் என்றால் ரகசியம் காப்பது கஷ்டம். எச்.ஐ.வி. கிளினிக்கின் பெயர் பொறித்த உடுப்போடு ஒருவர் வந்தால் தெருவுக்கே செய்தி போய்விடும். அதனால் பெயர் இல்லாத சாதாரண உடை, எல்லா நோய்க்கும் ஒரே பை, காய்ச்சல் உள்ள வீட்டுக்கும் போய்விட்டு வருவது என்று வழிமுறை வைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் மாத்திரையை எண்ணுவது முதல் வேலை. கடைசியாகக் கொடுத்தது எத்தனை, கழிந்த நாள் எத்தனை, மிச்சம் எத்தனை. கணக்கு மிகச் சரியாக இருந்தால் சந்தேகப்படுவார்கள், வருவதற்கு முன் கொட்டிவிட்டிருக்கலாம். ரத்தத்தில் வைரஸ் அளவு ஏறியிருந்தால் உடனே மருந்தை மாற்றுவதில்லை. சில மாதங்கள் கூடுதலாகப் பேசி, தினம் யாராவது பார்க்க மாத்திரை விழுங்க வைத்து, மறுபடி சோதித்து, அப்போதும் இறங்காவிட்டால்தான் மாற்றுவார்கள். பெரும்பாலும் குறை மருந்தில் இருப்பதில்லை. பாட்டிக்குக் கண் தெரியவில்லை, அத்தை ராத்திரி வேலைக்குப் போகிறாள், இரவில் சாப்பாடு இல்லாததால் மாத்திரை குமட்டுகிறது. காரணம் இப்படித்தான் இருக்கும்.

நோயைப் பிள்ளைக்கு எப்போது சொல்வது? ஆறு வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, பன்னிரண்டுக்குள் முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்பது பொது வழிகாட்டுதல். "உன் ரத்தத்தில் தூங்கும் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அதை எழுந்திருக்க விடாது" என்று தொடங்குவார்கள். பெயர் பிறகு வரும். தள்ளிப்போட்டால், பள்ளியில் உயிரியல் பாடத்தில் தானே கண்டுபிடித்து, அதுவரை பொய் சொன்ன எல்லோர் மேலும் கோபம் கொண்டு மாத்திரையை நிறுத்திவிடும் வயது வந்துவிடும். இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் இன்னும் கஷ்டம். குருக்களும் போதகர்களும் ஒரு தலைமுறைக் காலம் சொன்னதைத் திருத்தும் வேலையை இன்று சபைகளே செய்துகொண்டிருக்கின்றன.

மூன்றாம் நாள்: சாலை

திக்கா வரை பெருஞ்சாலை. அங்கிருந்து கரிஸ்ஸா சாலையில் மட்டூ தாண்டி, கன்யோன்யோவில் கிட்டுயி நோக்கித் திரும்ப வேண்டும். மட்டூவில் மாம்பழமும் தர்பூசணியும் குவித்து விற்கிறார்கள். பிறகு நிலம் சிவந்து, முட்புதரும் பாவோபாப் மரமும் தெரிய ஆரம்பித்தால் கம்பா மக்களின் நாடு. மச்சாக்கோஸ் வழியாகவும் வரலாம். மழைக்காலத்தில் ஓடும் ஆறுகள் இப்போது வெறும் மணல். பெண்கள் அதில் குழி தோண்டி ஜெரிக்கேனில் நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள்: நியும்பானி கிராமம்

க்வா வோன்ஸா பகுதியில், அரசு வழங்கிய சுமார் 1,000 ஏக்கரில் 2006-ல் தொடங்கப்பட்ட கிராமம் இது. டி அகொஸ்டினோ அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். அவருடைய கணக்கு எளியது. எய்ட்ஸ் நடுத்தலைமுறையை எடுத்துவிட்டது. மிஞ்சியது பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாத்தா பாட்டிகளும், பார்த்துக்கொள்ள ஆளில்லாத பேரப்பிள்ளைகளும். இருவரையும் ஒரே கூரையில் சேர்த்துவிடுவது. ஒரு சூசூ, அதாவது பாட்டி; அவருடைய சொந்தப் பேரர்கள், கூடவே வேறு குடும்பத்துப் பிள்ளைகள்; வீட்டுக்குப் பத்துப் பேர் அளவில். இப்படி நூறு வீடு, ஆயிரம் பிள்ளைகள் என்பது திட்டம்.

விடுதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சமையலறையில் இருக்கிறது. பொதுச் சாப்பாட்டுக் கூடம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் தனி அடுப்பு, பக்கத்தில் காய்கறிப் பாத்தி, கோழி. விடுதிப் பிள்ளை பதினெட்டு வயதில் வெளியே வரும்போது உப்பு என்ன விலை என்று தெரியாது, மாவு தீர்ந்துபோவதைப் பார்த்திருக்காது. இங்கே அடுப்பில் விறகு தள்ளி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பிரச்சினை குறைவு.

குறையும் இருக்கிறது. பத்துப் பிள்ளைகளை வளர்க்க எழுபது வயதில் எத்தனை பேருக்கு உடம்பு ஒத்துழைக்கும்? சூசூ படுத்துவிட்டால், இறந்துவிட்டால், அந்தப் பத்துப் பேரும் இரண்டாம் முறை அனாதையாவார்கள். வீட்டைக் கலைத்துப் பிள்ளைகளைப் பல வீடுகளில் சொருகுவது எளிது. அதைச் செய்யக் கூடாது. புதிய பாட்டியை அதே வீட்டுக்குக் கொண்டுவருவதும், அதற்குள் மூத்த பெண்பிள்ளையைக் குட்டித் தாயாக மாற்றிவிடாமல் பார்ப்பதும்தான் சரியான வழி. சொந்தப் பேரனுக்குக் கோழிக்கால், மற்றவனுக்குக் குழம்பு என்ற பாகுபாடும் வரத்தான் செய்யும். சமூகப் பணியாளர் முன்னறிவிப்பில்லாமல் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்வது அதனால்தான்.

இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஏற்ற கட்டுமானம், சுடாமல் அழுத்திச் செய்த மண் கல். ஆரோவில்லில் பார்த்திருப்பீர்களே, அதே இனம். செங்கல் சுட்டால் ஒரு சூளைக்கு எத்தனை மரம் போகும் என்பது இந்த வறண்ட பூமியில் சின்னக் கேள்வி அல்ல. முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம் உள்ள மரப்பெட்டியில் எண்ணெய் தடவி, ஈரமண்ணை அடைத்து, வெயிலில் மூன்று நாள் காயவிடுவார்கள். மண் எவ்வளவு சுருங்கியது என்று பார்த்துச் சிமெண்ட் முடிவாகும். 12 மி.மீ.க்குள் என்றால் 18 பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு. 25 வரை 16-க்கு ஒன்று. 38 வரை 14-க்கு ஒன்று. 50 வரை 12-க்கு ஒன்று. அதற்கு மேல் என்றால் அது களிமண், மணல் கலந்தாக வேண்டும். கலவையை இறுக்கிப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நான்கைந்து துண்டாக உடைய வேண்டும். தூளானால் நீர் போதவில்லை, அப்பிக்கொண்டால் நீர் அதிகம்.

கெடுவது பெரும்பாலும் நனைப்பதில். அழுத்தி எடுத்த கல்லை நிழலில் அடுக்கி, மூடி, குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைக்க வேண்டும். ஆற்று மணலில் தோண்டி நீர் கொண்டுவரும் ஊரில் கல்லுக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கு மனம் வரும்? மூன்று நாளோடு விட்டுவிடுவார்கள். அந்தச் சுவர் இரண்டாம் மழையில் மூலைகளில் உதிரத் தொடங்கும்.

ஐந்தாம் நாள்: தண்ணீர், சோளம், மரம்

கிட்டுயியில் இரண்டு மழை. மார்ச் முதல் மே வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்று. நைரோபிக்காரர்கள் முதலாவதை நம்புவார்கள். இங்கே விவசாயி நம்புவது இரண்டாவதை. இரண்டும் பொய்த்தால் பள்ளி வருகைப் பதிவேட்டில் அது முதலில் தெரியும். பெண்பிள்ளைகள் நீருக்குப் போய்விடுவார்கள்.

மணலணை இந்த மாவட்டத்தின் பெருமை. ஓடும் காலம் குறைவான ஆற்றில், அடிப்பாறை மேலே தெரியும் இடம் பார்த்து, குறுக்கே கல்லும் சிமெண்டும் கொண்டு சுவர். வெள்ளம் வரும்போது கனமான மணல் சுவருக்குப் பின்னால் தங்கும், வண்டல் தாண்டிப் போய்விடும். சில மழைப் பருவங்களில் சுவரின் உயரத்துக்கு மணல் நிரம்பும். அந்த மணலின் கன அளவில் 25 முதல் 40 சதவீதம் வரை நீர். மேலே இருக்கும் இரண்டு மூன்று அடி மணல் காய்ந்துவிட்டால் அதற்குக் கீழே வெயில் எட்டாது, கொசு முட்டையிடாது, மாடு கலக்காது. அடியில் துளைக்குழாய் பதித்தோ, கரையில் கிணறு வெட்டியோ எடுக்கலாம்.

அணை தோற்பதற்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாறைவரை தோண்டாமல் கட்டினால் நீர் அடியில் வழிந்து போய்விடும். இரு கரையிலும் சுவரின் கையை ஆழமாக உள்ளே செலுத்தாவிட்டால் ஆறு பக்கவாட்டில் புது வழி அரித்துக்கொள்ளும். சுவர் மட்டும் நடு ஆற்றில் நிற்கும். மூன்றாவது அவசரம். களிமண் கலந்த வெள்ளம் வரும் ஆற்றில் முழு உயரத்தையும் ஒரே மூச்சில் கட்டினால் தேங்கிய நீரில் வண்டல் படிந்து சேறாகிவிடும். படிப்படியாக உயர்த்த வேண்டும். ஆனால் நன்கொடை நிதிக்கு ஓராண்டுக் கெடு. பல அணைகள் வீணானது பொறியியலால் அல்ல, அந்தக் கெடுவால்.

அடுத்தது சோளம். மக்காச்சோளத்தைத்தான் சொல்கிறோம். பள்ளி மதிய உணவு கித்தேரி: சோளமும் அவரை விதையும் சேர்த்து வேகவைத்தது. கென்யாவின் பள்ளி உணவுத் திட்டங்களில் ஒரு பிள்ளைக்கு 150 கிராம் தானியம், 40 கிராம் பருப்பு வகை, 5 கிராம் எண்ணெய், 3 கிராம் உப்பு என்பது வழக்கமான அளவு. 200 பிள்ளைகள் என்றால் நாளுக்கு 30 கிலோ சோளம், 8 கிலோ அவரை. 65 பள்ளி நாள் உள்ள ஒரு பருவத்துக்கு 90 கிலோ மூட்டையில் 22 சோளம், 6 அவரை. அவரையை முந்தின இரவே ஊறப்போட்டால் விறகு நன்றாக மிச்சமாகும். காலையில் சமையல்காரி வந்த பிறகு ஊறப்போடும் பள்ளியில் மதிய மணி அடித்தும் கித்தேரி வேகாது. பிள்ளைகள் பல்லில் நெருடுவதைச் சாப்பிடுவார்கள்.

சேமிப்புதான் உயிர்ப் பிரச்சினை. 2004-ல் கிட்டுயி, மகுவேனி உள்ளிட்ட மாவட்டங்களில் பூஞ்சை பிடித்த சோளத்தால் 317 பேர் கல்லீரல் பாதிப்புக்கு ஆளாகி 125 பேர் இறந்தார்கள். காரணம் அந்தப் பூஞ்சை சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு. கொதிக்க வைத்தால் போகாது, கழுவினாலும் போகாது. அறுவடை நேரத்தில் மழை பெய்து, ஈரத்தோடு மூட்டை கட்டி, திருட்டுக்குப் பயந்து வீட்டுக்குள் அடுக்கியதால் வந்த வினை. ஈரப்பதம் 13.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மீட்டர் இல்லாத இடத்தில் ஒரு சோதனை உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி சோளம், ஒரு பிடி வெயிலில் உலர்த்திய உப்பு போட்டுச் சில நிமிடம் குலுக்கி வைத்துவிட வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் இன்னும் ஈரம், மறுபடி தார்ப்பாயில் பரப்ப வேண்டும். தரையில் பரப்பக் கூடாது. பூஞ்சை மண்ணில்தான் இருக்கிறது. காய்ந்த பிறகு, உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறையும் வெளியே சாக்கும் உள்ள மூன்றடுக்குப் பையில் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, ஒவ்வொரு உறையையும் தனித்தனியாகக் கட்டினால் வண்டும் மூச்சடைத்துச் சாகும். எலி ஒரே ஒரு ஓட்டை போட்டாலும் அந்தப் பை சாதாரணச் சாக்குதான்.

ஒரு நன்கொடைச் செய்தி இங்கே: தானமாக வந்த சோளம் என்பதால் சோதிக்காமல் வாங்கும் இல்லங்கள் இருக்கின்றன. வாசலிலேயே பாட்டில் சோதனை செய்து, ஈரமானதைத் திருப்பி அனுப்பும் துணிவு கிடங்குப் பொறுப்பாளருக்கு வேண்டும்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாக. இந்த வறட்சி நிலத்தில் வருமானத்துக்கு நடுவது முகாவு. நம் மலைவேம்பின் நெருங்கிய சொந்தம். கரையான் அரிக்காத பலகை, பத்துப் பதினைந்து ஆண்டில் வெட்டலாம். ஆனால் விதை அவ்வளவு எளிதில் முளைக்காது. பழத்தோலை நீக்கி, கொட்டையைக் கத்தி வைத்துத் தட்டிப் பிளந்து, உள்விதையின் நுனியைக் கிள்ளி, இரவெல்லாம் ஊறவைத்து, மேலுறையை நீளவாக்கில் கீறி, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் மணலில் விதைக்க வேண்டும். கத்தி ஒரு மயிரிழை அதிகம் போனால் கரு வெட்டுப்படும். பழகிய கைகளுக்கே விதை சேதம் ஆகும். பிள்ளைகள் பதினைந்து வயதில் கற்றுக்கொண்டு போனால் நாற்றுப்பண்ணையில் வேலை நிச்சயம்.

ஆறாம் நாள்: பள்ளி

2003 ஜனவரியில் கென்யா தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. ஆனால் எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளை நைரோபியின் அரசுப் பள்ளிகள் சேர்க்க மறுத்தன. நியும்பானி நீதிமன்றத்துக்குப் போனது. 2004 தொடக்கத்தில் அரசு இறங்கி வந்து சேர்க்க ஒப்புக்கொண்டது. அதுவரை இல்லத்துக்குள்ளேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இல்லம் தனக்கென்று பள்ளி வைத்துக்கொள்வது நல்லதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. எங்கள் கருத்து: ஊர்ப்பள்ளி பக்கத்தில் இருக்கும் வரை தனிப்பள்ளி வேண்டாம். கட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் ஊர்ப்பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். அனாதைகளுக்கு மட்டும் நல்ல பள்ளி என்றால் சுற்றுப்புறத்தில் உள்ள ஏழைத் தாய், பிள்ளையை அனாதை என்று சொல்லிக் கொண்டுவந்து விடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

பழைய 8-4-4 முறை (தொடக்கம், உயர்நிலை, பல்கலைக்கழக ஆண்டுகள்) போய், இப்போது 2-6-3-3-3 (முன்தொடக்கம், தொடக்கம், இளநிலை இடைநிலை, உயர்நிலை, உயர்கல்வி). எட்டாம் வகுப்புத் தேர்வான கே.சி.பி.இ. 2023 நவம்பரோடு முடிந்தது. அரசு ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளி மாணவருக்கு 1,420 ஷில்லிங், இளநிலை இடைநிலைக்கு 15,042, உயர்நிலைக்கு 22,244 என வரையறுத்திருந்தது. இந்தப் பணம் பிள்ளையின் பெயரில் வர, தேசியக் கல்விப் பதிவேட்டில் எண் வேண்டும். எண்ணுக்குப் பிறப்புச் சான்று வேண்டும். அது இல்லாத பிள்ளை வகுப்பில் உட்காரும், ஆனால் பள்ளியின் கணக்கில் இல்லை. தலைமை ஆசிரியருக்கு அது சுமை.

செலவு வெடிப்பது உயர்நிலை விடுதிப் பள்ளியில். தேசியப் பள்ளியென்றால் பெற்றோர் பங்கு ஆண்டுக்கு 53,554 ஷில்லிங் என்று அரசு வரையறுத்திருந்தது. உபகாரச் சம்பளம் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கும். பிள்ளை வாசலில் நிற்பது வேறொன்றால்: தகரப் பெட்டி, பூட்டு, மெத்தை, போர்வை இரண்டு, இரண்டு ஜோடிச் சீருடை, கறுப்புத் தோல் காலணி, விளையாட்டு உடை, வாளி, தட்டு, கரண்டி, அகராதி, வேதாகமம், கணிதக் கருவிப் பெட்டி, பெண்பிள்ளைக்குப் பருவம் முழுக்கப் போதுமான நாப்கின், திரும்பி வர பஸ் காசு. சேர்க்கைக் கடிதத்தோடு வரும் இந்தப் பட்டியலில் ஒன்று குறைந்தாலும் சில பள்ளிகள் திருப்பி அனுப்பும். அதனால் அனுபவமுள்ள பங்குகளில் கட்டணத்துக்கு உண்டியல் வைப்பதில்லை, பெட்டிக்கு வைக்கிறார்கள். முடித்துப் போன மாணவரின் பெட்டியும் மெத்தையும் டிசம்பரில் திரும்பி வந்து ஜனவரியில் வேறொருவருக்குப் போகும்.

விடுதியும் மாத்திரையும் ஒத்துப்போவது கடினம். டப்பாவைத் திறந்தால் கலகலவென்று சத்தம். நாற்பது பேர் உள்ள கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் பஞ்சு திணிக்கிறார்கள், அல்லது வைட்டமின் டப்பாவுக்கு மாற்றுகிறார்கள். மாற்றும்போது ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் சேர்த்துப் போட வேண்டும், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். பெட்டிச் சோதனையில் அடையாளம் தெரியாத மாத்திரை என்று பறிமுதல் ஆவதும் உண்டு. இதற்குச் சரியான ஏற்பாடு: நோயின் பெயர் எழுதாமல், தினசரி மருந்து தேவைப்படும் மாணவர் என்ற கிளினிக் கடிதம், மேட்ரனிடம் ஒரு பங்கு, பிள்ளையிடம் ஒரு வாரத்துக்கானது, பருவத்துக்கு ஏற்ப மூன்று மாத மருந்து ஒரே தடவையில், பருவ நடு விடுமுறையில் எண்ணிப் பார்ப்பது. யாரிடம் சொல்வது என்பதை மாணவரே தேர்வு செய்யட்டும். முதல்வரிடம் சொன்னால் போதும் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டுப் போன இடங்களில் அடுத்த வாரமே பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

ஏழாம் நாள்: கிட்டுயி டவுன், காகிதங்கள்

அனாதைப் பிள்ளைக்கான வேலையில் பாதி காகிதம். பிறப்புச் சான்று இல்லையென்றால் தாமதப் பதிவு: ஊர்த் தலைவர் உறுதி செய்த படிவம், பெற்றோரின் அடையாள அட்டை அல்லது இறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை. தடுப்பூசி அட்டை வீட்டோடு எரிந்தோ தொலைந்தோ போயிருக்கும். அப்போது கைகொடுப்பது ஞானஸ்நானச் சீட்டு. பங்குப் பதிவேட்டில் பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், ஞானத் தாய் தந்தை பெயர் எல்லாம் இருக்கும். ஐம்பது ஆண்டு ஏடுகளைக் கரையானிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு பங்கு அலுவலகம், புதிதாகக் கட்டிய ஒரு விடுதியை விட அதிகம் பிள்ளைகளுக்கு உதவும்.

பெற்றோர் வீட்டிலேயே இறந்திருந்தால் அடக்க அனுமதிச் சீட்டுக்கூட இருக்காது. அதை உடனே ஊர்த் தலைவரிடம் பதிந்துவிட வேண்டும். ஐந்தாண்டு கழித்து உபகாரச் சம்பளத்துக்காக இறப்புச் சான்று தேடும்போது சாட்சி சொன்னவர்களும் இறந்திருப்பார்கள்.

அடுத்தது காணி. அப்பா இறந்ததும் பெரியப்பா உழத் தொடங்குவார், சில ஆண்டில் எல்லைக்கல் நகரும். வாரிசுரிமைச் சட்டப்படி வயது வராத வாரிசு இருந்தால், சொத்தை நிர்வகிக்கக் குறைந்தது இரண்டு பேரை நியமிக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் விடக் கூடாது. பாட்டியும், ஜுமுயாவில் நம்பிக்கையான ஒருவரும் என்று அமைவது நல்லது. பிள்ளையை நூறு கிலோமீட்டர் தள்ளி இல்லத்தில் வைத்துவிட்டால் காணியில் அதன் கால்தடம் மறைந்துவிடும். விடுமுறைக்காவது சொந்த ஊருக்கு அனுப்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கென்ய அரசு 2017 நவம்பரில் புதிய இல்லங்களின் பதிவை நிறுத்தியது. 2022-ல் புதிய குழந்தைகள் சட்டம், அதோடு 2022–2032 பராமரிப்புச் சீர்திருத்தத் திட்டம். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ நெருங்கிய உறவோ உண்டு. அவர்களிடம் திருப்பி அனுப்புங்கள் என்பது சாரம். கென்யச் சகோதரிகள் சங்கம் கத்தோலிக்க இல்லங்களை இந்த வழியில் திருப்பும் வேலையில் இறங்கியிருக்கிறது. சிசு இல்லமாக இருந்த கட்டடம் பகல் காப்பகமாகிறது, செவிலி குடும்பப் பணியாளராகிறார். எதிர்ப்பு அதிகம் வருவது வெளிநாட்டு நன்கொடையாளரிடமிருந்து. 'எங்கள் இல்லம்' காலியாகிறதே என்கிறார்கள்.

அனுப்புவது என்றால் பஸ் ஏற்றிவிடுவது அல்ல. முதலில் உறவைத் தேடுதல். பிள்ளை சொல்லும் மாமரம், ஆற்றங்கரை, பள்ளியின் நிறம் போன்ற துப்புகளோடு ஊர்த் தலைவரிடமும் பங்கிலும் விசாரிப்பது. பிறகு வீட்டைப் பார்ப்பது: யார் யார் தூங்குகிறார்கள், குடி உண்டா, முன்பு ஏன் விட்டார்கள், அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா. பிள்ளையிடம் கேட்பது. ஒரு நாள் சந்திப்பு, வார இறுதி, ஒரு விடுமுறை என்று பழக்குவது. பள்ளி இடமாற்றம், கிளினிக் இடமாற்றக் கடிதம், குழந்தைகள் நல அதிகாரியின் அறிக்கை, நீதிமன்ற ஆணை. அனுப்பும் நாளை ஆகஸ்ட் அல்லது டிசம்பர் விடுமுறைத் தொடக்கத்தில் வைத்தால் புதிய பள்ளிப் பருவத்துக்கு முன் வீடு பழகிவிடும். பருவ நடுவில் அனுப்பினால் இரண்டும் கெட்டுப்போகும்.

கூடவே குடும்பத்துக்கு ஏதாவது பிடிமானம். அரசின் அனாதைக் குழந்தைகளுக்கான உதவித்தொகை மாதம் 2,000 ஷில்லிங். சில நேரம் பல மாதத்துக்குச் சேர்த்து வரும், அதை நம்பி அரிசிக் கடையில் கடன் வைக்க முடியாது. ஆடு இரண்டு, அல்லது தையல் இயந்திரம், அல்லது பெண்கள் சேமிப்புக் குழுவில் முதல் பங்கு. ஆடு வாங்கிக் கொடுக்கும்போது ஒன்று பெட்டை, சினையாக இருக்க வேண்டும். தரகர் கிழட்டு ஆட்டைத் தள்ளிவிடுவார்.

அதன் பிறகு குறைந்தது ஓராண்டு பின்தொடர்தல். முதல் மாதம் வாரம் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டே போகலாம். பார்க்க வேண்டியவை: எடை, பள்ளி வருகைப் பதிவு, மாத்திரை எண்ணிக்கை, தூங்கும் இடம், பெண்பிள்ளை என்றால் அவளைத் தனியாக வெளியே அழைத்துப் பேசுவது. பேசும்போது பெரியம்மாவின் காதில் விழாத தூரம் வேண்டும். இந்தப் பயணங்களுக்கான மோட்டார் சைக்கிள் பெட்ரோலுக்கு நிதி கேட்டால் கிடைப்பது அரிது. உங்களில் யாராவது ஆப்பிரிக்க இல்லம் ஒன்றுக்குப் பணம் அனுப்புவதாக இருந்தால், கட்டிலுக்கு வேண்டாம், அந்த பெட்ரோலுக்கு என்று குறித்து அனுப்புங்கள். கடந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள், அதில் எத்தனை பேர் மறுபடி இல்லத்துக்கே வந்துவிட்டார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது எண்ணைத் தயங்காமல் சொல்லும் இல்லத்தை நம்பலாம்.